துணைக்கு இருந்தவள்

யார் பேசினாலும் நான் குறுக்கே பேசமாட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை. பதினோரு வருடமாக, சிடுசிடுவென்று வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேசியே பழகிவிட்டது. குடியை விட நினைப்பவர்களின் குழுவில் எல்லோரும் என்னையே துணையாகக் கேட்டதும் அதனால்தான்.

துணை என்றால், குடிக்கத் தோன்றும்போது அவர்கள் போன் செய்யும் ஆள். எதையாவது பேசி அந்த நேரத்தைக் கடத்திவிட வேண்டும். சனிக்கிழமைதோறும் டயர் கடை மாடியில் கூடுவோம். யாரும் யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. என் தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் முதலில் போனேன். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை.

தம்பி மேஜை நாற்காலி செய்யும் பட்டறையில் இருந்தான். முதலாளி ஐந்து மாதச் சம்பளத்தை இன்று, நாளை என்று இழுத்தடித்தார். வாடகை நின்றது, தம்பிக்குத் தூக்கம் போனது. தூங்குவதற்காகக் குடித்தான், பிறகு குடிப்பதற்காகவே எழுந்தான். ஒரு நாள் மதியம் மொட்டை மாடியிலிருந்து விழுந்தான். விழுந்தான் என்றுதான் ஸ்டேஷனில் எழுதினார்கள்.

இரண்டு வருடம் கழித்து அந்த முதலாளியே டயர் கடைப் படியேறி வந்தார். பட்டறை மூழ்கிவிட்டது, கழுத்து வரை வங்கிக் கடன். தம்பிக்காகப் பட்டறை வாசலில் நின்று அவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதில்லை.

"இனி ஒரு வாய் குடிச்சாலும் ஈரல் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. எனக்குத் துணையா இருப்பீங்களா?" என்றார்.

"கண்டிப்பா இருக்கேன் சார்" என்றேன்.

தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுவார். குடிக்கத் தோன்றுகிறது என்பார். மற்றவர்களிடம் பாட்டு, பிள்ளைகள், மழை என்று பேச்சை மாற்றுவேன். அவரிடம் மட்டும் அக்கறையாக விசாரிப்பேன். "பேங்க்ல இருந்து ஆள் வந்தாங்களா சார்? வீட்டையும் எடுத்துக்குவாங்களோ? பொண்ணு காலேஜுக்கு என்ன பண்ணப் போறீங்க?" மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். அவர் அழும்வரை பேசிவிட்டு, "உடம்பப் பாத்துக்குங்க" என்று வைப்பேன். தம்பி பட்ட பாட்டை நினைத்து நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்தது, ஐயா. அந்தப் பத்து நிமிடம்தான் அது அடங்கும்.

நான் பாட்டில் வாங்கிக் கொடுக்கவில்லை. குடி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசிச் செவ்வாய்க்கிழமை அவர் குரல் தெளிவாக இருந்தது. "வண்டிய வித்துட்டேம்மா. என்கிட்ட வேலை பாத்த ஒரு பையன் செத்துப்போயிட்டான். அவன் சம்பளத்த அவங்க அக்காவத் தேடிப் புடிச்சுக் குடுக்கணும். கால்ல விழணும். அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

நான் நிதானமாகக் கேட்டேன். "வண்டியும் போச்சுன்னா வேலைக்கு எப்படி சார் போவீங்க? அந்த அக்கா மன்னிப்பாங்கன்னா நெனைக்கிறீங்க? நானா இருந்தா மாட்டேன்."

 "சரிம்மா" என்று போனை வைத்தார். மறுபடி குடித்தார், வியாழக்கிழமை இறந்தார். பணம் வைத்த உறை சட்டைப் பையில் பிரிக்காமல் இருந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். தம்பிக்காகச் செய்தேன், அதோடு என் கணக்கு தீர்ந்தது. இனி என்னால் யாருக்கும் ஒரு தீங்கும் வராது. போன சனிக்கிழமை குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். யாரென்றே தெரியாது. நானாகவே போய் என் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் மதியம் குடிக்கத் தோன்றுகிறது என்று கூப்பிட்டாள். கடன் எவ்வளவு என்று கேட்டேன்.