மெயில்ல வரட்டும்

ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் போடக் கூடாது, ஐயா. கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொல்வேன். கதவுக்கு இரண்டு பூட்டு போட்டால் காவல் கூடும் என்பது வீட்டுக்குச் சரி. கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, நான்தான் சோதிப்பேன் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். மெயில் நடுவில் தொங்கும். மெயில் புரோகிராம் உறைந்து நிற்கும். பார்க்கிறவர்கள் நெட் சரியில்லை என்று நெட் கொடுத்தவனைத் திட்டுவார்கள்.

என் பெயர் சாம்சன். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காலையில் நானாகவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தேன். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று நீங்கள் சொன்னது புரிந்தது. சொல்லத்தான் வந்திருக்கிறேன். மில் ஆபீசில் வேலை பார்த்த செல்வலட்சுமியை உள்ளே வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை மெயிலை அவள் அழித்துவிட்டாள் என்று வழக்கு. அவள் அழிக்கவில்லை. மில் முதலாளி செல்வின் சார் ஜாமீனில் வந்து வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுகிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

சோழபுரம் போகிற வழியில் அந்த மில்லைப் பார்த்திருப்பீர்கள். இப்போது ஒரு பக்கம் சுவர் இல்லை. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற மில். துணி வெளுக்க ஆவி வேண்டும், ஆவிக்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. என் அப்பா ஞானரத்தினம் அங்கே விறகு தள்ளித்தான் என்னைப் படிக்க வைத்தார். புருவத்தில் மயிர் நிற்காது அவருக்கு. செல்வின் சாருடைய அப்பா காலத்தில் ஒரு நாள் ஆவிக்குழாய் விட்டுப்போய், அப்பாவின் வலது கை முழங்கை வரை வெந்தது. மில்லில் நெய்த துணியையே சுற்றி ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். போலீஸ் வரவில்லை. பேப்பரில் வரவில்லை. அவர்களும் நாங்களும் ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமை முன்பெஞ்சிலிருந்து பெரியவர் திரும்பி, "கை எப்படி இருக்கு ஞானரத்தினம்?" என்பார். அப்பா எழுந்து நின்று, "கர்த்தர் கிருபையில நல்லாருக்குய்யா" என்பார். கை அதற்குள் சூம்பிவிட்டது.

அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. என் கணக்கு உங்களுக்குப் புரிய வேண்டும்.

செல்வின் சார் பொறுப்புக்கு வந்ததும் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். வாயால் சொல்கிற எதையும் காதில் வாங்க மாட்டார். எதுவானாலும் மெயில்ல வரட்டும் என்பார். பிறகு செல்வலட்சுமி அதைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார், அதற்கப்புறம்தான் ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடலாம். அப்பா நின்ற இடத்தில் இப்போது நின்ற மாரிசெல்வம், மகளுக்குக் காது குத்த லீவு கேட்டான். அதற்கும் செல்வலட்சுமி மெயில் அடித்தாள். சார் அடுத்த அறையில்தான் இருந்தார், கண்ணாடி வழியே இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு.

அந்த மில்லுக்குக் கம்ப்யூட்டர் வேலை நான்தான் பார்த்தேன். போன மாசிமாதம் செல்வலட்சுமி போன் பண்ணினாள்.

"அண்ணே, மெயிலு போகவும் மாட்டேங்கு, வரவும் மாட்டேங்கு. சுத்திக்கிட்டே நிக்கு. சாரு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்குதாரு."

போய்ப் பார்த்தேன். நான் போட்டிருந்த ஆன்டிவைரசுக்கு மேலே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. சென்னையிலிருந்து லீவுக்கு வந்த செல்வின் சார் மச்சான் ரோஷன் போட்டது. ஒன்றை எடுத்தால்தான் சரியாகும் என்று சாரிடம் சொன்னேன். ஆபீஸ் முழுக்க ஆள் இருந்தது.

"ஏலே சாம்சா, அவன் பெரிய கம்பெனியில இருக்கான். வெறகு தள்ளுனவன் மகன் அவனுக்குப் பாடம் எடுக்கியோ? ரெண்டும் இருக்கட்டும். ஓட வைக்கத்தான ஒன்னயக் கூப்பிட்டேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். "சரி சார்" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, திரும்ப மேசைக்கு அடியில் குனிந்து வயரைச் செருகிக்கொண்டிருக்கும்போது பாய்லர் கம்பெனி இன்ஜினியர் உள்ளே வந்தார். கோயம்புத்தூர்க்காரர். வருடாந்தரச் சோதனைக்கு வந்தவர். நான் அடியில் இருந்தது அவருக்குத் தெரியாது.

"சேஃப்டி வால்வு இறுகிப் போச்சுங்க சார். அழுத்தம் ஏறுனா அது திறக்கோணும். திறக்கறதில்லீங்க. மாத்தற வரைக்கும் பத்த வைக்காதீங்க."

"கப்பலுக்குத் துணி போகணும்யா. எதுவா இருந்தாலும் மெயில்ல வரட்டும்" என்றார் செல்வின் சார்.

இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. முக்கியம். இதைக் காதால் கேட்டவர்கள் மூன்று பேர். இன்ஜினியர் இப்போது வாயைத் திறக்க மாட்டார், அவர் கம்பெனிக்கு இன்னும் பத்து மில்லில் வேலை இருக்கிறது. செல்வின் சார் சொல்ல மாட்டார். மிச்சம் நான்.

பாய்லர் எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு நாளில் மெயில் சுத்தமாகப் படுத்துவிட்டது. செல்வின் சார் தூத்துக்குடி போயிருந்த நேரம் செல்வலட்சுமி அழாத குறையாகக் கூப்பிட்டாள். போனேன். ரோஷன் போட்டதைக் கேட்காமல் தூக்கினேன். மிஞ்சிய ஆன்டிவைரசுக்கும் மெயில் புரோகிராமுக்கும் சண்டை வராதபடி, மெயில் சேர்ந்துகிடக்கிற பெரிய ஃபைலைத் தொடாதே என்று அதற்குச் சொல்லி வைத்தேன். மெயில் ஓட ஆரம்பித்தது. செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்வேன்.

ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்ட மெயிலை உடனே அழிக்காது. ஒரு மூலையில் பூட்டி வைக்கும். குவாரன்டைன் என்போம். சண்டை நடந்த நாட்களில் நல்ல மெயில்களும் அதில் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவித்தேன். ஜெர்மனி ஆர்டர், நூல் வந்த விவரம், கரண்ட் ஆபீஸ் அறிவிப்பு. கடைசியில் பாய்லர் கம்பெனி மெயில் இருந்தது. இன்ஜினியர் வாயால் சொன்னதே எழுத்தில் இருந்தது. உயிருக்கு ஆபத்து என்று சிவப்பில் போட்டிருந்தார்கள்.

ஒரு கிளிக்கில் விடுவித்திருக்கலாம். விட்டால் என்ன நடக்கும் என்று பார்த்தேன். செல்வலட்சுமி பிரிண்ட் எடுப்பாள். சார் கையெழுத்துப் போடுவார். வால்வை மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்பெஞ்சில் உட்கார்ந்து, தொழிலாளிகளைக் கர்த்தர் காத்தார் என்று சாட்சி சொல்லுவார். எல்லாரும் ஆமென் என்பார்கள்.

அதை உள்ளேயே விட்டேன். அந்தக் கம்பெனியிலிருந்து இனி எது வந்தாலும் சத்தமில்லாமல் அங்கேயே போகும்படி அமைத்தேன். திரையில் அறிவிப்பு வராதபடி டிக்கை எடுத்தேன். அனுப்பியவர்களுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான் தெரியும். நாளைக்கு விசாரணை வந்தால் அவர்களிடம் அனுப்பிய சாட்சியம் இருக்கும். படித்தும் பாய்லரை எரித்தான் என்று செல்வின் சார் மாட்டுவார். அவர் கொண்டுவந்த பழக்கத்தையே அவர் கழுத்தில் போட்டேன், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

செல்வலட்சுமி டீ வாங்கிக் கொடுத்தாள். வெளியே வரும்போது மாரிசெல்வம் விறகு அடுக்கில் சாய்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சாம்சண்ணே, பொட்டிக்குள்ள பூச்சி பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

"ஒமக்கென்ன, ஏசிக்குள்ள உக்காந்து பிடிக்கீரு. இங்க வந்து ஒரு கட்டைய உள்ள தள்ளும் பாப்போம். ஒம்ம அப்பா பேரச் சொல்லி நானே மால போடுதேன்."

"போலே" என்றேன். சிரித்தான். நல்ல பையன். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான்கைந்து நாள் கழித்து செல்வலட்சுமி மறுபடி போன் பண்ணினாள்.

"அண்ணே, கோயம்புத்தூர்க்காரரு ஏதோ மெயிலு போட்டாச்சு போட்டாச்சுங்காரு. இங்க வரவே இல்ல. செத்த பாக்கியளா?"

"எல்லாரும் போட்டேன்னுதான் சொல்லுவான். அவன் போட்டிருக்க மாட்டான். மத்த மெயிலெல்லாம் வருதுல்ல?"

"அதெல்லாம் வருது."

"அப்ப மிசின் மேல தப்பு இல்ல. வரலைன்னு சாருகிட்ட சொல்லு."

சொல்லியிருக்கிறாள். வராவிட்டால் அவசரம் இல்லை என்று அர்த்தம் என்றாராம் செல்வின் சார். வால்வு இறுகியது தெரியும் அவருக்கு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஒரு காலை வெடித்தது. சத்தம் என் கடை வரை கேட்டது. டயர் வெடித்ததென்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன். மாரிசெல்வத்தைத் துணியில் பொறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த மில்லில் துணிக்குப் பஞ்சமில்லை. பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவன் மனைவி வெள்ளத்தாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நாலெழுத்து படிச்சவிய நீங்க. அவன சும்மா விட்டுறாதீய" என்றாள். விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் நினைத்தபடிதான் நடந்தது. பாய்லர் கம்பெனி மெயில் அனுப்பிய விவரத்தைக் காட்டியது. செல்வின் சார் கைக்கு விலங்கு பூட்டிக் கூட்டிப்போனதை மெயின்ரோட்டில் நின்று பார்த்தேன். அவருடைய அப்பா வாசலில் நின்றார். அன்றைக்கு எழுந்து நிற்க வேண்டியது அவர்தான்.

பிறகு வக்கீல் வந்தார். மெயிலை செல்வலட்சுமி கவனக்குறைவாக அழித்துவிட்டாள், முதலாளிக்கு எதுவும் தெரியாது என்றார். அவர் வெளியே வந்தார், அவள் உள்ளே போனாள். கம்ப்யூட்டரை எடுத்துப்போன போலீஸ் குவாரன்டைனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறக்கச் சொல்லுங்கள், இருக்கும். அதைப் பூட்டியது நான். என்னை எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் மேசைக்கு அடியிலிருந்து நான் கேட்டது வாக்குமூலத்தில் இருக்க வேண்டும். அந்த ரோட்டில் இனி எந்த முதலாளியும் பழுதான வால்வோடு ஒரு தொழிலாளியை நிறுத்த மாட்டான். எங்கள் ஆட்களுக்காக யாராவது ஒருவன் இதைச் செய்ய வேண்டியிருந்தது.

ஆளில்லாத நேரம் வெடித்திருந்தால் இன்சூரன்ஸில் புதுப் பாய்லர் வந்திருக்கும். கையோ காலோ வெந்திருந்தால் துணி சுற்றி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கிற ஆள் நான் இல்லை.

மாரிசெல்வத்திடம் மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள்.

சொல்லியிருந்தால் அவன் தள்ளி நின்றிருப்பான், ஐயா. அவன் தள்ளி நின்றிருந்தால் செல்வின் சார் மேல் என்ன வழக்குப் போட்டிருப்பீர்கள்?