தூண் போன வீடு

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் தம்பி வழியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். மழை தூற ஆரம்பித்திருந்தது.

"நம்ம வூட்டு முத்தத்துத் தூணு நாலையும் ரிசார்ட்டுக்காரனுக்குக் குடுத்துட்டேன் அண்ணாத்த. பழைய தேக்குன்னா உசுர வுடறானுங்கோ."

"அடப்பாவி! கூரை எதும்மேலடா நிக்குது?"

"சவுக்குக் கட்டை முட்டு குடுத்துக்கீறேன்."

"பச்ச சவுக்கா? மேல அம்மாம் நாட்டு ஓடு கீது. மழைத் தண்ணி குடிச்சா இன்னா கனம் கனக்கும்?"

"நேத்து காத்துக்கு லேசா சாஞ்சுது, அவ்ளோதான். நீ சும்மா பேஜாரு பண்ணாத."



"நைனா எங்க?"

"உள்ளதான். தூண வண்டில ஏத்தும்போது கட்டிப் புடிச்சினு வுடல. இன்னிக்கு ரிசார்ட்டுக்கே போயி நின்னுடப் போறாருன்னு வெளிய பூட்டினு வந்துட்டேன்."

அண்ணன் சாவியைப் பிடுங்கினார். "நிறுத்துப்பா!" என்று கத்தி, பஸ் சரியாக நிற்பதற்குள் குதித்து, வந்த வழியே ஓடினார்.

தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அண்ணாத்த! கதவ வேகமா தள்ளாத! பின்னாலயே ஒரு முட்டு கீது!"