ஒரே ஒரு படுக்கையறை

– இன்னொரு பக்கெட் ஊத்துங்க தம்பி. ஓரமா ஊத்தாதீங்க, நடுவுல.

– மேடம், நூத்துக்கு நூறு சரியா இருக்கு. தண்ணி தானா ஓடிடும்.

– ஓடலியே. கதவுகிட்ட தேங்கி நிக்குது பாருங்க. நாளைக்கு நான் குளிக்கப் போயி வழுக்கி விழுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க?

– வாட்டத்தைச் சரி பண்ணச் சொல்லிடறேன் மேடம்.

– அம்மா, இன்ஜினியர் சாரை விடும்மா. வந்ததுலேருந்து மனுஷன் பக்கெட்டும் கையுமா நிக்கிறாரு.

– நீ சும்மா இருடா. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வீடு வாங்குறேன், நாலு கேள்வி கேக்கக் கூடாதா? தம்பி, லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் நுழையுமா?

– ஸ்ட்ரெச்சரா மேடம்?

– நர்ஸ் வேலை பாத்தவ வேற எதைக் கேப்பேன்? நுழையுமா, நுழையாதா?

– கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சா நுழையும் மேடம்.

– சாய்ச்சுப் புடிச்சா படுத்திருக்கறவர் எழுந்து நடந்தே போயிடுவாரு.

– நீங்க சரின்னு சொன்னா சாவியைக் கீழேருந்து எடுத்துட்டு வந்துடறேன் மேடம்.

– கொஞ்ச நேரம் குடுங்க சார். நான் எங்கம்மாகிட்ட தனியா பேசணும்.

– தாராளமா பேசுங்க சார். ஜன்னலைத் திறந்து வெச்சுப் பாருங்க, காத்து ஆளையே தூக்கும்.

– போயிட்டாரு. சொல்லு, என்ன பேசணும்? வண்டியில ஏறினதுலேருந்து முகத்தைத் தூக்கி வெச்சிருக்க.

– அதில்லம்மா. நான் என்ன சொல்ல வர்றேன்னா, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. மீதியை நான் பேசிக்கறேன். எங்களோட வந்துடு.

– ம்.

– மாடியில உனக்குன்னு ரூம் எடுத்துக் கட்டியிருக்கேன். நீ படுக்க இடமில்லாமலா கட்டியிருக்கேன்? உன் மருமகதான் உக்காந்து திரையெல்லாம் தைச்சா.

– பாத்தேனே. மஞ்சள்ல பூப்போட்டது. பிசிறில்லாம தைச்சிருக்கா.

– அப்புறம் என்னம்மா? ஒரே பையன், ரிட்டயர் ஆன அம்மாவைத் தனியா விட்டுட்டான்னு பாக்குறவங்க கேக்க மாட்டாங்களா?

– கேட்டா, எங்கம்மாவுக்குத் திமிருன்னு சொல்லு. நம்பிடுவாங்க.

– சிரிக்காதம்மா. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

– இல்லடா கண்ணா.

– அவ ஏதாவது சொன்னாளா? உங்க ரெண்டு பேருக்குள்ள மனஸ்தாபமா?

– அவளா? நான் வந்தா என் முட்டிக்குத் தைலம் தேச்சுவிடாம தூங்க மாட்டா. நீ ஒரு நாள் தேச்சிருப்பியா?

– அப்போ ஏம்மா? சர்வீஸ் பூரா ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்லயே காலத்தை ஓட்டினே. நம்ம உக்கார்ற நாற்காலியில கூட அவங்க நம்பர் எழுதியிருக்கும். சொந்தமா ஒண்ணு வேணும்னு ஆசையா? என் வீடும் உன் வீடுதானே?

– ஆசை இல்லாம இருக்குமா? ஒரு ஆணி அடிக்கிறதுக்குக் கூட ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுக் காத்துக் கிடந்தவ நான். ஆனா என் ஆசைக்காக உன்னை அழவிட மாட்டேன்.

– நான் எங்க அழறேன்?

– கண்ணைத் துடைச்சிட்டுச் சொல்லு.

– பெயிண்ட் நெடிம்மா.

– சரி, பெயிண்ட் நெடி.

– அதுவும் பாத்துப் பாத்து ஒரே ஒரு பெட்ரூம் வாங்கியிருக்க. நாங்க வந்தா எங்க தங்குறது?

– நீ எதுக்குத் தங்கணும்? உனக்குத்தான் வீடு இருக்கே.

– பாத்தியா, பிரிச்சுப் பேசுற.

– இங்க வா. இந்தச் சுவத்துல சாஞ்சுக்கோ, காஞ்சிருச்சு, ஒட்டாது. ஒண்ணு கேக்குறேன். உனக்கும் அவளுக்கும் சண்டை வந்தா அவ என்ன பண்ணுவா?

– அது எதுக்கு இப்போ?

– சொல்லுடா.

– என்ன பண்ணுவா, பேச்சை நிறுத்திடுவா. விறுவிறுன்னு மொட்டை மாடிக்குப் போயி துணிக்கொடிக்குக் கீழ உக்காந்துக்குவா.

– அப்புறம்?

– அப்புறம் இறங்கி வந்துடுவா. அவளுக்குக் கோவமே நிக்காதும்மா. குழந்தை மாதிரி.

– கோவம் நிக்காம ஒண்ணும் வரல. இறங்கி வராம வேற எங்க போவா? போன தடவை நான் வந்திருந்தப்ப, மழையில நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தா. நான்தான் துண்டு எடுத்துட்டுப் போனேன்.

– எனக்குத் தெரியாதும்மா.

– உனக்கு எப்படித் தெரியும், நீ டிவி பாத்துட்டிருந்த.

– இனிமே அப்படி விட மாட்டேன். சத்தியமா. இதுக்குத்தாம்மா நீ கூட இருக்கணும்னு சொல்றேன். நீ இருந்தா சண்டையே வராது.

– வரட்டும்டா. புருஷன் பொண்டாட்டின்னா வராம இருக்குமா? வந்தா மத்த பொண்ணுங்கல்லாம் என்ன பண்ணுது? பெட்டியைத் தூக்கிட்டு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிடுது. போயி ரெண்டு நாள் காலை நீட்டிப் படுத்து, புருஷன் தலையை நல்லா உருட்டிட்டு, மனசு ஆறித் திரும்பி வருது. இவ பெத்தவங்க முகமே தெரியாம ஹாஸ்டல்ல வளந்த பொண்ணு.

– அதுக்கு?

– நானும் உன் வீட்டுக்கே வந்துட்டா, அவ அம்மா வீட்டுக்குப் போறேன்னு எங்கடா போவா?