மெட்ராஸ் மேற்கே போன கதை

— நேசையன் சார், நான் ஒண்ணு கேக்கேன். மெட்ராஸ் எந்தப் பக்கம் இருக்கு?

— இதக் கேக்கவா ஐயா, ஹெட்மாஸ்டர் கூப்பிடுதாருன்னு கிளாஸ் பாதியில ஆள் விட்டீக? கிழக்கதான் இருக்கு.

— நேத்தும் கிழக்கதான் இருந்துதா?

— நேத்தும் அங்கனதான் இருந்துது. ஏன், மெட்ராசுக்கு என்ன ஆச்சு?

— என்ன ஆச்சா? இந்தப் பரீட்சைப் பேப்பரப் பாருங்க. எட்டாங் கிளாஸ் செல்லத்தாய். மெட்ராசக் கொண்டுபோய் கோழிக்கோட்டுல வச்சிருக்கா. இது ஏசம்மாள். பம்பாயத் தூக்கி வங்காளத்துல போட்டுட்டா. சிலோன் கேரளாவுக்குப் பக்கத்துல மிதக்குது. இந்த மேப்ப நம்பி ஒருத்தன் மெட்ராசுக்கு பஸ் ஏறினா கோழிக்கோட்டுலதான் போய் இறங்கணும்.

— கர்த்தரே! குஜராத்து பர்மா பக்கம் போயிருச்சே!

— ஒருத்தி ரெண்டு பேருன்னா தொலையுதுன்னு விட்டுருவேன். பொம்பளப் புள்ளைக அம்புட்டும் இதே மாதிரி. பயலுகள்ல ஒருத்தன் கூட இப்படிப் போடல. அவனுக போட்ட இந்தியா, வத்திராயிருப்பு மாங்கா மாதிரிதான் இருக்கு. ஆனாலும் மெட்ராஸ் கிழக்க இருக்கு. அப்ப என்ன அர்த்தம்? காப்பி! ஒருத்தியப் பாத்து மிச்சப் பேரும் காப்பி அடிச்சிருக்காளுக. யாரது வாசல்ல? தங்கபாய் டீச்சரா? ஒளிஞ்சு நின்னு கேக்காம உள்ள வாங்க. நீங்கதான அதுகளுக்குக் கிளாஸ் டீச்சர்.

— ஒளியவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்பிள்ளைகளக் காப்பி கீப்பின்னு சொன்னா நான் வாசல்ல நிக்க மாட்டேன் ஐயா, உள்ளயேதான் வருவேன். பரீட்சைக்குக் காவல் நின்னது நானு. ஒருத்தி தலையத் திருப்பல.

— பொறவு அம்புட்டுப் பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்?

— நானும் அதத்தான் கேட்டேன். 'ஏட்டி, புத்தகத்துல மெட்ராஸ் வலது பக்கமால்ல இருக்கு'ன்னேன். அதுக்கு அந்தச் செல்லத்தாய் சொல்லுதா, 'புத்தகத்துல தப்பா அச்சடிச்சிட்டான் டீச்சர். நேசையன் சார் மெஷின்ல காட்டினாரே, அதான் சரி. மெஷின் பொய் சொல்லுமா?'ன்னு.

— மெஷினா? அந்த புரஜெக்டரா? கேட்டீகளா சார்? நான் அப்பவே நெனச்சேன்.

— ஐயா, செத்த நேரம் பொறுங்க. அந்தப் பேப்பர இப்படிக் கொடுங்க. ஜன்னல்கிட்ட வாங்க. பேப்பரத் திருப்பி, பின்பக்கமா வெயிலுக்கு நேராப் பிடிக்கேன். இப்பப் பாருங்க.

— அட! மெட்ராஸ் கிழக்க வந்துருச்சு!

— சிலோனும் வந்துருச்சா?

— எல்லாம் வந்துருச்சு. குஜராத்து கத்தியவாரு மூக்குக்கூட சரியா இருக்கு. இது என்ன கண்கட்டு வித்தையா?

— வித்தை இல்ல ஐயா, துணி. நமக்கு மெஷின் கொடுத்தவுக திரை கொடுக்கல. ராஜபாளையத்துல என் மச்சினன் பேண்டேஜ் துணி பாக்டரியில இருக்கான்லா, அவன்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். டீச்சர்தான் மூட்டித் தச்சுக் கொடுத்தாக. புண்ணுக்குக் கட்டுத துணிக்கு என்ன கனம் இருக்கும்? படம் இந்தப் பக்கமும் தெரியும், ஊடுருவி அந்தப் பக்கமும் தெரியும். முன்னால இருக்கவனுக்கு நேராத் தெரியும். பின்னால இருக்கவுகளுக்கு இடம் வலமாத் தெரியும். சிலைடுல ஊர்ப் பேரு கிடையாது, வெறும் கோடுதான். நான் பிரம்ப வச்சு 'இதான் மெட்ராஸ்'னு தொட்டேன். பிரம்பு நெழலு அங்கிட்டும் தெரிஞ்சிருக்கு. பாவம், புள்ளைக கண்ணு பாத்தத அப்படியே போட்டிருக்கு. எனக்குத்தான் புத்தி வேணும், ஒரு நாளாவது அந்தப் பக்கம் போய் நின்னு பாத்திருக்கணும்.

— பாத்திருக்கணும்லா? நான் ஒண்ணு கேக்கேன். பொம்பளப் புள்ளைகள எதுக்குத் திரைக்குப் பின்னால உக்கார வச்சீக?

— அது வந்து... டீச்சர், நீங்க சொல்லுங்களேன்.

— எனக்கென்ன பயம், சொல்லுதேன். நீங்கதான ஐயா சொன்னீக? 'இருட்டுல பயலுகளும் புள்ளைகளும் ஒரே பக்கம் உக்காரப்பிடாது. கோயில் கொடைத் திருவிழாவுல படம் போட்டா பொம்பளையாளுக திரைக்கு அந்தப் பக்கந்தான உக்காருது, அதே மாதிரி உக்கார வையிங்க'ன்னு இதே நாற்காலியில இருந்துதான் சொன்னீக.

— அது ஒழுக்கத்துக்குச் சொன்னது. பூகோளத்துக்குச் சொல்லல.

— சரி, புள்ளைகளுக்கு மார்க்கு?

— மார்க்கு கிடக்கட்டும் டீச்சர். மூணு மணிக்கு கல்வி ஆபீசர் வாராரு. எதுக்கு வாராருன்னு தெரியும்லா? நம்ம சீவில்லிபுத்தூருக்கு ஒண்ணு, ராஜபாளையத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு மெஷின் கிடையாது. ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் சேத்து ஒத்த மெஷின். அது யாருக்குன்னு இன்னைக்கு முடிவு பண்ணுதாரு. நான் முடிவு பண்ணிட்டேன். ராஜபாளையத்துக்காரன் எடுத்துக்கிடட்டும்னு சொல்லப்போறேன். அவன் ஊரு மேப்பு எங்கிட்டுப் போனா நமக்கென்ன.

— ஐயா! அப்படிச் சொல்லிராதீக. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க.

— நேசையன் சார், சிரிப்புக் காட்டாதீக. ஜூன் மாசம் இந்த மெஷின் வந்து இறங்கினப்ப 'வேண்டாம் ஐயா, நான் பிள்ளகுட்டிக்காரன்'னு கும்பிட்டுக்கிட்டு நின்னது யாரு?

— நான்தான்.

— குடையோட மரப்பிடியால சுவிட்சப் போட்டது யாரு?

— கரண்டுல்லா ஐயா! அப்ப எனக்கு வெவரம் பத்தல.

— அத ஏன் கேக்கீக. ரப்பர் செருப்புக்கு மேல இன்னொரு ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு நடந்தாரு. ஆத்தாடி, நான் சிரிச்ச சிரிப்பு! மொத நாளு கன்னியாகுமரி மேல போயி காஷ்மீரு தரையில கிடந்துது. பயலுக பூராம் எந்திரிச்சு நின்னு, குனிஞ்சு, கவட்டுக்குள்ள கூடில்லா மேப்புப் பாத்தானுக.

— டீச்சர், நீங்க எனக்குச் சாட்சியா, அவருக்குச் சாட்சியா?

— உள்ளதத்தான் சொன்னேன். பொறவு நீங்க கத்துக்கிட்டதையும் நான்தான் சொல்லணும். ஐயாவுக்குத் தெரியாது.

— என்னத்தக் கத்துக்கிட்டாரு?

— ராஜபாளையத்துல சினிமாக் கொட்டகை ஆப்பரேட்டர் ரத்தினம் இருக்காம்லா, அவன்கிட்டப் போய் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாடம் கேட்டாரு. காலை ஆராதனைய விட்டுப்புட்டு. பாஸ்டர் ஒரு நாள் டவுன் பஸ்ஸுல இருந்து பாத்திருக்காரு, கொட்டகை மாடிப்படியில இவரு ஏறுததை! அடுத்த வாரம் பிரசங்கமே அதப் பத்தித்தான். 'சிலர் ஓய்வுநாளில் எங்கே ஏறுகிறார்கள்?'ன்னு ஆரம்பிச்சவரு ஆமென் சொல்ல ஒரு மணி நேரமாச்சு. இவரு மொத வரிசையில தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பாவமா இருந்துது.

— பாஸ்டர் பேசுனா பேசிட்டுப் போறாரு. பல்பு சூடா இருக்கையில ஈரத்துணி வைக்கப்பிடாதுன்னு யாரு சொல்லித் தந்தா? ரத்தினம்தான. மொத பல்பு நான் தொடைச்சு வெடிச்சதுலா? ரெண்டாவது பல்பு இன்னும் எரியுது. ஐயா, ஒண்ணு சொல்லட்டுமா? இருபது வருஷமா சுவத்துல மேப்ப மாட்டி பிரம்பால தொட்டுத் தொட்டுக் காட்டினேன். ஒரு பிள்ள மேப்பப் பாக்கல. அம்புட்டும் பிரம்பத்தான் பாத்துது. யார் மேல விழும்னு. இப்பக் கதவச் சாத்தி, இமயமலைப் படத்தப் போட்டேன் பாருங்க, 'யப்பா! எம்புட்டுப் பெரிசு!'ன்னு ஒரு சத்தம் வந்துது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இருட்டா இருந்ததால யாரும் பாக்கல. அந்தச் சத்தத்த எங்கிட்ட இருந்து பறிச்சிராதீக ஐயா.

— பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா மெட்ராஸ் மேற்க போயிருச்சே.

— அதுக்கு வழி இருக்கு. கிளாஸ் ரூம்ல பின்சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருவோம். படம் சுவத்துல விழட்டும். அந்தத் துணிய நடுவால நீளமாத் தொங்க விடுவோம். இங்கிட்டுப் பயலுக, அங்கிட்டுப் புள்ளைக. உங்க ஒழுக்கமும் இருக்கும், எம் பூகோளமும் இருக்கும்.

— வேண்டாம் சார். கொடைக்கானல்ல டவர் கட்டிக்கிட்டிருக்கான், நாளைக்கு டி.வி.ன்னு ஒண்ணு வரும், அதுக்கும் ஒரு ஒப்பாரி வைப்பீக. ஆபீசருக்குக் காட்ட என்கிட்ட வேற சரக்கு இருக்கு. பள்ளிக்கூடத்து முன்சுவத்துல ஆள் உயரத்துக்கு இந்தியா மேப்பு வரைய வச்சிருக்கேன். பெயிண்டர் சங்கிலிப்பாண்டி இப்பத்தான் ஊர்ப் பேரெல்லாம் எழுதி முடிச்சான். பெட்ஷீட் போட்டு மூடியிருக்கு. ஆபீசர் கையால தொறக்கணும். கீழ என் பேரும் போட்டிருக்கு.

— நல்ல காரியம் ஐயா. ஆனா சங்கிலிப்பாண்டி சோடாக்கடை போர்டு எழுதுதவன்லா? அம்புட்டுப் பெரிய மேப்ப எப்படி வரைஞ்சான்?

— அதுக்கு ஒரு யோசனை பண்ணினேன். நேத்துப் பொழுதடைஞ்சதும் புரஜெக்டர வெளிய தூக்கிட்டு வந்து, படத்தச் சுவத்துல விழ வச்சேன். அவன் கோட்டு மேலயே கோடு இழுத்துட்டான்.

— சிலைடு யாரு மாட்டினது?

— நான்தான். நீங்க சாயங்கால ஆராதனைக்குப் போயிட்டீக. ஏன், நீங்க ஒருத்தர்தான் மாட்டணுமோ? கண்ணாடிச் சதுரம், ஓட்டைக்குள்ள சொருகினா உக்காருது. இதுக்கு ஒரு படிப்பா?

— சொருகுறப்ப மூலையில சிவப்பு மைப் புள்ளி இருந்துதே? அது நம்மளப் பாத்து, வலது கைப் பக்கம் மேல வரணும். அதுக்குத்தான வச்சேன்.

— அது புள்ளியா? அழுக்குன்னுல்லா எச்சியத் தொட்டுத் தொடைச்சேன்.

— கர்த்தரே.

— என்ன கர்த்தரே? முழுசாச் சொல்லும்.

— புள்ளி இல்லன்னா எந்தப் பக்கம் மாட்டினீகன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்தி மாட்டியிருந்தா... கோடு போட்டப்ப நீங்க பாக்கலையா?

— இருட்டுல கோட்டப் பாத்து என்னத்தக் கண்டேன்? மேல அகலமா, கீழ கூம்பா இருந்துது, சரின்னு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில நான் வாரப்பவே அந்தக் கிறுக்கன் பாதி மேப்ப மூடி வச்சிருந்தான். டீச்சர், ஓடிப்போய் பெட்ஷீட்ட ஒரு ஓரமாத் தூக்கிப் பாருங்க. மெட்ராஸ் எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க. ஓடுங்க!

— இந்தா போறேன். எம்பிள்ளைகளக் காப்பின்னு சொன்னீகள்லா!

— போயிட்டாளா? நேசையன் சார், இப்படிக் கிட்ட வாங்க. நான் ஒண்ணு கேக்கேன். தப்பா எடுத்துக்கிடாதீக. ஒருவேளை அது மாறியிருந்தா... சிலைடு மாட்டினது நீங்கன்னு சொல்லிருவமா?

— நானா?

— எனக்கு ரிட்டயர்டாக இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. மேப்புக்குக் கீழ கொட்டை எழுத்துல என் பேரு. ஊரு சிரிக்கும். நீங்க ஒத்துக்கிட்டா, மெஷின் இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வேணும்னு நானே ஆபீசர்கிட்டக் கேட்டு வாங்கித் தாரேன். சத்தியமா.

— மெஷின் நெசமாவே இங்கன இருக்குமா?

— இருக்கும்.

— அப்பச் சரி ஐயா. நான்தான் மாட்டினேன். எம்பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. பாஸ்டர் கெடுத்தது போக மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு.

— நீங்க பெரிய மனுசன் சார்! டீச்சர், அதுக்குள்ள வந்துட்டீகளா? பெட்ஷீட்டத் தூக்கிப் பாத்தீகளா?

— நான் எங்க தூக்க? ஆபீசர் முன்கூட்டியே வந்துட்டாரு. அவரே தொறந்துட்டாரு.

— ஐயோ. மெட்ராஸ்?

— மேற்க.

— ஆபீசர் என்ன சொன்னாரு?

— மொதல்ல மேப்பப் பாத்தாரு. மேற்க திரும்பி மலையப் பாத்தாரு. திரும்பவும் மேப்பப் பாத்தாரு. அங்கன தண்ணி குடிக்க வந்த செல்லத்தாயக் கூப்பிட்டு, 'பாப்பா, இந்த மேப்பு சரியா?'ன்னாரு. அவ சொல்லுதா, 'ரொம்பச் சரி சார். மெஷின்லயும் எங்களுக்கு இப்படித்தான் தெரிஞ்சுது'ங்குதா. 'நீ எங்க உக்காந்து பாத்தே?'ன்னு கேட்டாரு. திரைக்குப் பின்னாலன்னுட்டா. அம்புட்டுத்தான், அவருக்கு வெளங்கிப்போச்சு. யாரு பின்னால உக்காரச் சொன்னதுன்னாரு. ஹெட்மாஸ்டர்னு அவ சொன்னா. சுவத்து மேப்புக்கு சிலைடு போட்டது யாருன்னு சங்கிலிப்பாண்டியக் கேட்டாரு. அவனும் கையக் கட்டிக்கிட்டு ஹெட்மாஸ்டர்னுட்டான்.

— டீச்சர், இல்ல, அது நான்தான் மாட்டினேன்! போய்ச் சொல்லுங்க, நேசையன்தான்னு!

— நீங்க சும்மா இருங்க சார். பெயிண்டர், ஐயா எச்சியத் தொட்டுத் தொடைச்சது வரைக்கும் நடிச்சுக் காமிச்சுட்டான்.

— அப்ப மெஷினு? டீச்சர், அதச் சொல்லுங்க மொதல்ல. ராஜபாளையத்துக்குப் போகுதா?

— எங்கயும் போகல. மெஷின்ல பாத்தத அப்படியே மனசுல வச்சிருக்கே இந்தப் புள்ள, இப்படிச் சொல்லிக் கொடுக்குத வாத்தியார விட்டுட்டு மெஷின எங்க கொண்டுபோகன்னு சொல்லிட்டாரு. சார், என்ன இது, கண்ணத் தொடைங்க. இங்க வெளிச்சமால்ல இருக்கு, எல்லாரும் பாப்பாக.

— அப்ப என்னயப் பத்தி ஒண்ணும் சொல்லலையே டீச்சர்? நான் தப்பிச்சேனா?

— சொன்னாரு ஐயா. வெள்ளிக்கிழமை நேசையன் சார் கிளாஸ்ல பிள்ளைகளோட பிள்ளையா நீங்களும் உக்காந்து பாக்கணுமாம். எந்தப் பக்கம் உக்காருதீகன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.