ஒச்சாயி கேட்ட பாறை

இது பூட்டன் காலத்துச் சேதி. பார்த்தவங்க சொல்லி, கேட்டவங்க சொல்லி, அவங்ககிட்டக் கேட்டவங்க சொல்லி, இப்ப உங்க காதுக்கு வருது.

மேற்கே மலை தெரியிற சீமையில, ஒரு கரட்டுக் குன்னுக்குக் கீழே, எருக்கலம்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு ரோடு வரல, ரெயில் வரல, ஆஸ்பத்திரி வரல. எல்லாத்துக்கும் முந்தி வந்தது ரேகைச் சட்டமாம். ஒரு குறிப்பிட்ட தெருவுல ஆம்பளையாப் பிறந்துட்டாப் போதும். திருடினானோ திருடலையோ, பெருவிரலை மையில ஒத்தி உருட்டிக் குடுக்கணும். பொழுது சாஞ்சா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஆஜர் சொல்லணும். அங்கேயே படுத்து விடியத்தான் வீட்டுக்கு வரணும். ஒருநாள் தப்பினாலும் ஜெயிலு. அந்தத் தெருவுக்கு ரேகைத்தெருன்னே பேராகிப் போச்சாம்.

அந்த ஊருப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாங்க ஞானப்பூ டீச்சர். தெக்கத்திக்காரங்க. குட்டை உருவம், ஓட்டமான நடை. ட்ரெயினிங் முடிச்ச கையோட வந்தவங்க. வந்த அன்னைக்கே அவங்களுக்கு அதிர்ச்சி.

என்ன அதிர்ச்சி? பிள்ளைக வாயைத் திறக்கல.

வேலிக்கு வெளியே அந்தப் பிள்ளைக பேசுற பேச்சு காதைத் துளைக்குமாம். ஆட்டுக்காரங்க வீட்டுப் பிள்ளைக கன்னடத்துல கத்தும். கல்லுடைக்கிறவங்க வீட்டுப் பிள்ளைக தெலுங்குல வையும். ரேகைத்தெருப் பிள்ளைக ரெண்டையும் கேட்டுட்டுத் தமிழ்ல திருப்பி வையும். அதே பிள்ளைக நிலைப்படியைத் தாண்டினா அவ்வளவுதான். டீச்சர் ஒரு கேள்வி கேட்டாப் போதும், ஊமை. எல்லாம் ஊமை.

"என்ன பிள்ளைய இது! ஆளு உள்ள இருக்கு, உசுரை வெளிய விட்டுட்டு வந்த மாதிரில்லா உக்காந்திருக்கு"ன்னு டீச்சர் தலையில அடிச்சுக்கிடுவாங்களாம்.

இதுக்கு நடுவுல மேலயிருந்து ஒரு உத்தரவு. பள்ளிக்கூடத்தைச் சோதிக்கச் சோதனை அய்யா வரப்போறாரு. கேட்ட கேள்விக்குப் பிள்ளைக பதில் சொல்லலேன்னா பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க. மூடினா? ரேகைத்தெருப் பிள்ளைகளைப் பெத்தவங்ககிட்டயிருந்து பிரிச்சு, எங்கயோ தூரத்துல கம்பிவேலி போட்ட செட்டில்மென்டுல கொண்டுபோய் விட்டுருவாங்க. போன பிள்ளை திரும்பின கதையே கிடையாதாம்.

டீச்சர் யோசிச்சாங்க. ட்ரெயினிங்ல ஒரு புது முறை சொல்லிக் குடுத்திருந்தாங்க. புத்தகத்தை ஓரமா வை. பிள்ளைக்குத் தெரிஞ்ச பொருள் ஒண்ணை எடுத்து முன்னால வை. அதைப் பத்திக் கேளு, பிள்ளை தானாப் பேசும். நல்ல முறைதான். அதைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் தன் வீட்டுப் பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து பிள்ளைக முன்னாடி வச்சாங்க. பளபளன்னு துலக்கின செம்பு. முன்வரிசையில ரேகைத்தெருத் தவசி மக ஒச்சாயி உக்காந்திருந்துச்சு. பாவாடை நுனியை வாயில கடிச்சிக்கிட்டே இருக்கிற சின்னப் பிள்ளை. அதைப் பார்த்து டீச்சர் சிரிச்ச முகமாக் கேட்டாங்களாம்:

"இது என்ன?"

பேச்சில்ல.

"எதுல செஞ்சது?"

பேச்சில்ல.

"சரி, இது யாரோடது? எங்கயிருந்து வந்துச்சு? சொல்லு பாப்போம்."

அவ்வளவுதான் கேட்டாங்க. ஒச்சாயி எந்திரிச்சு நின்னுச்சு. பாவாடை நனைஞ்சு மூத்திரம் தரையில ஓடுது. "எங்கப்பா எடுக்கல! சத்தியமா எங்கப்பா எடுக்கவே இல்ல!"ன்னு ஒரு அலறல். அலறிக்கிட்டே கையை நீட்டிச்சாம். நாலு விரலையும் மடக்கிப் பெருவிரலை மட்டும் நீட்டிச்சாம்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாங்க. பின்னாடி இருந்த ரேகைத்தெருப் பிள்ளைக எல்லாத்துக்கும் கை நீண்டிருந்துச்சு. எல்லாக் கையிலயும் பெருவிரலு.

யாரும் சொல்லிக் குடுக்கல. கேள்வி வந்தா அடுத்து என்ன வரும்னு அதுகளுக்குத் தெரியும். வீட்டு வாசல்ல போலீஸ்காரன் நின்னு, மடியில இருந்ததை எடுத்துப் போட்டு, "இது என்ன? இது யாரோடது? எங்கயிருந்து வந்துச்சு?"ன்னு கேக்கிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக. அதே கேள்வி. அதே வரிசை. சிரிச்ச முகம் மட்டுந்தான் புதுசு.

"இல்லட்டி, இது என் செம்புட்டி, பாடம்ட்டி"ன்னு டீச்சர் கையைப் பிடிக்கப் போறதுக்குள்ள, ஒச்சாயி ஓடிருச்சு. தெருவுல போய், "டீச்சரு செம்பு கேக்குறாங்க"ன்னு சொல்லிருச்சு.

தெரு விளங்கிக்கிடுச்சு. இன்னைக்குக் கேள்வி, நாளைக்குத் தடி. தவசி, பொண்டாட்டி முகத்தைப் பார்த்தாரு, பிள்ளை முகத்தைப் பார்த்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கரட்டுல ஏறிட்டாரு. பொழுது சாஞ்சுச்சு. ஆஜர் நேரம் வந்துச்சு. தவசி வரல. போலீஸ்காரங்க கரட்டைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சாங்க. அடிச்சாங்க. டவுன் ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டாங்க.

சேதி கேட்ட டீச்சர் செம்பைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுனாங்க. "இந்தா பாருங்கய்யா, என் செம்பு, என் கையிலயே இருக்கு! திருட்டே நடக்கல!"

ஏட்டு செம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "நல்ல செம்பும்மா. திருட்டுப் போகலையில்ல, ரொம்பச் சந்தோசம். பத்திரமா வச்சுக்கங்க. அவன் ஆஜர் தப்பினதுக்கும் செம்புக்கும் என்ன சம்பந்தம்?"

திருடாதவனை உள்ள வைக்கத் திருட்டே வேண்டாம்னா அது என்ன சட்டம்!

டீச்சர் அப்படியே ரேகைத்தெருவுக்குப் போனாங்க. தவசி பொண்டாட்டி கருத்தம்மா வாசல்லயே மறிச்சுச்சாம்.

"எதுக்கு வந்தீக?"

"மன்னிச்சிரும்மா. நான் பாடத்துக்காகத்தான்..."

"செம்பு யாரோடது?"

"என்னோடதுதான்."

"அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு எம்பிள்ளையை எதுக்குத் தாயி கேட்ட?"

டீச்சர் படிச்ச படிப்பு முழுக்கத் துழாவிப் பார்த்தாங்களாம். பதில் இல்ல.

பள்ளிக்கூடத்துல ஈ காக்கா இல்ல. டீச்சர் உள்ள உக்காரல. ரேகைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஒரு மொட்டைப் பாறை. அதுக்குக் கீழே, வெறுந்தரையில உக்காந்துக்கிட்டாங்க. தினமும் உக்காந்தாங்க. பிள்ளைக தூர நின்னு வேடிக்கை பார்த்துச்சு. அப்புறம் பாறை மேல ஏறி வேடிக்கை பார்த்துச்சு. டீச்சர் சொன்னாங்களாம்: "நான் இனி உங்கள ஒண்ணும் கேக்கமாட்டேன். நீங்க என்னைக் கேளுங்க. எந்தப் பேச்சுல வேணும்னாலும் கேளுங்க."

ஒச்சாயிதான் முதல்ல கேட்டுச்சாம். "எங்கப்பா எப்ப வருவாரு?"

"எனக்குத் தெரியாதும்மா."

பிள்ளைகளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டீச்சருக்குத் தெரியாதாம்ல! கல்லுடைக்கிற வீட்டு எங்கட்டம்மா, "அப்ப டீச்சருக்கு யாரு அடி குடுப்பா?"ன்னு கேட்டுச்சாம். ஒச்சாயி தவிர எல்லாம் சிரிச்சுச்சு. டீச்சரும் சிரிச்சாங்க. அப்புறம் அழுதாங்க.

மடை திறந்துச்சு. வெள்ளாட்டுப் பொட்டைக்கும் ஏன் தாடி? டீச்சருக்கு யாரு தலை பின்னிவிடுவா? வெடி வச்சாக் கல்லு முதல்ல பறக்குமா, சத்தம் முதல்ல வருமா? டீச்சருக்குத் தெரியல. "வாங்க, போய்ப் பாப்போம்"னு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு, கல்கிடங்குக்கு எட்டத்துல நின்னாங்க. கல்லு பறந்துச்சு. அப்புறந்தான் சத்தம் வந்துச்சு. பிள்ளைக திறந்த வாயை மூடலையாம். அன்னைக்குச் சாயங்காலம் எங்கட்டம்மா தெலுங்குல சொல்ல, ஒச்சாயி தமிழ்ல சொல்ல, ஆட்டுக்காரப் பிள்ளைக மணல்ல எழுதிப் பார்த்துச்சாம். எழுத்து அப்படித்தான் அந்த ஊருக்குள்ள நுழைஞ்சுச்சு.

சோதனை அய்யா வந்தாரு. கோட்டு, தலைப்பாகை. துணைக்கு ஸ்டேஷன் ஏட்டு. பிள்ளைக பாறை மேல, டீச்சர் கீழே. அதைப் பார்த்ததுமே அவருக்கு முகம் சுளிச்சுப் போச்சு. பையிலயிருந்து கடிகாரத்தை எடுத்து ஒச்சாயி முன்னாடி நீட்டினாரு.

"இது என்ன?"

பேச்சில்ல. ஏட்டு தடியை மாத்திப் பிடிச்சாரு.

ஒச்சாயி கடிகாரத்தைப் பார்த்துச்சு, அவரைப் பார்த்துச்சு. "அய்யாவுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்!"

"அப்ப நான் கேக்கவா? எனக்கு நெசமாவே தெரியாது."

பிள்ளை கேட்டுச்சு:

"எங்கப்பா எங்க?"

சோதனை அய்யாவுக்கு என்ன தெரியும்? ஏட்டைத் திரும்பிப் பார்த்தாரு. அதிகாரி பார்த்ததும் ஏட்டு விறைப்பா நின்னு, பழக்கத்துல, பட்டுன்னு சொன்னாராம்:

"தவசியா? அவன் ஜெயிலுக்குள்ளயே செத்துட்டான் அய்யா. அங்கயே எரிச்சாச்சு."

தெருவுக்குத் தெரியாது. பொண்டாட்டிக்குத் தெரியாது. ஒரு வாய் வந்து சொல்லல. அந்தப் பிள்ளை கேட்டிருக்கலேன்னா யாருக்கும் தெரிஞ்சே இருக்காது.

ஒச்சாயி அழலையாம். பாறை மேல நின்ன வாக்குல நின்னுச்சு. டீச்சர்தான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு விழுந்தாங்க. "என் செம்புய்யா! நான் கேட்ட கேள்விய்யா! எழுதிக்கங்க, என் பேரை எழுதிக்கங்க!"

சோதனை அய்யா எதையும் எழுதல. ரெண்டாவது கேள்வி கேக்கல. கடிகாரத்தைப் பைக்குள்ள போடக் கை வராம, கையில பிடிச்சபடியே வண்டி ஏறிட்டாராம். பள்ளிக்கூடத்தை மூடுற உத்தரவு அப்புறம் வரவே இல்ல. ஒரு பிள்ளையும் செட்டில்மென்டுக்குப் போகல. அவர் அங்க போய் என்ன சொன்னாரோ, யாருக்கும் தெரியாது.

டீச்சர் பெட்டியைக் கட்டிட்டாங்க. இனி எந்த முகத்தோட இருக்கிறதுன்னு. தவசிக்குக் காரியம் முடிஞ்ச மறுநாள் விடியக்காலம் வாசல்ல நிழல் தட்டுச்சு. கருத்தம்மா. கையில ஒச்சாயி. உள்ள வரல, உக்காரல.

"உன்னை நான் மன்னிக்கல, டீச்சரு. அதுக்கு வரல. இவ இன்னும் நிறையக் கேக்கணுமாம். கூட்டிட்டுப் போ."

ஞானப்பூ டீச்சர் அந்தப் பெட்டியை அதுக்கப்புறம் கட்டல. அந்த மண்ணுலயே இருந்து, அந்த மண்ணுலயே அடங்குனாங்க.

அந்தப் பாறைக்கு ஒச்சாயி கேட்ட பாறைன்னு பேரு. சட்டம் போச்சு, ரோடு வந்துச்சு, பள்ளிக்கூடம் மாடி வச்ச மெத்தைக் கட்டடம் ஆச்சு. பாறையை மட்டும் யாரும் உடைக்க விடல. வருசா வருசம் பள்ளி திறக்கிற அன்னைக்கு, பேர் கூப்பிடுறதுக்கு முந்தி, பிள்ளைக பாறை மேல உக்காரும், வாத்தியாருமாரு கீழே நிப்பாங்க. முதல் கேள்வி பிள்ளையோடது. தெரிஞ்சாச் சொல்லணும், தெரியலேன்னாத் தெரியலேன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் பாடம்.

புதுசா மாத்தலாகி வர்ற டீச்சருமாரு முதல் நாள் பயந்துக்கிட்டு, "என்ன சார் கேப்பாங்க?"ன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட விசாரிப்பாங்களாம்.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"னுவாராம் அவரு.