உள்ளே கார்டு, வளைக்க வேண்டாம்

டேப் ஒட்டும்போது அதன் ஒரு முனையைக் கொஞ்சம் மடித்துவிட வேண்டும். அரை அங்குலம் போதும். பார்சல் கிடைத்தவர் அந்த முனையைப் பிடித்து இழுத்தால் டேப் முழுவதும் கையோடு வந்துவிடும். கத்தி வேண்டாம், பல் வேண்டாம். இந்த ஒன்றைச் செய்தாலே உலகத்தில் பாதிச் சண்டை குறைந்துவிடும் என்பது என் கருத்து. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பில்லை.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். உங்கள் மேசை ஆடியது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். நான் போன பிறகு அதை எடுத்துவிடாதீர்கள்.

நான் கூரியர் கிடங்கில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவன். மற்ற நேரத்தில் கார்டு சேர்க்கிறேன். விளையாட்டு வீரர்களின் படம் போட்ட, உள்ளங்கை அளவுள்ள கார்டுகள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மிதித்தும் இருப்பீர்கள். எங்களைப் போன்றவர்கள் நாற்பத்து மூன்று பேர் ஒரு கைப்பேசிக் குழுவில் இருக்கிறோம். என்னிடம் இரண்டாக இருப்பதை நான் அனுப்புவேன், உங்களிடம் இரண்டாக இருப்பதை நீங்கள் அனுப்புவீர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அதனால் ஒரு ஆளை நாங்கள் எடைபோடுவது அவர் அனுப்பும் பார்சலை வைத்துத்தான்.

முறை எளிது. கார்டை முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். அந்த உறையைக் கெட்டி உறைக்குள் செருகி, வாயைக் காகித டேப்பால் மூட வேண்டும். இரண்டு பக்கமும் தடித்த அட்டை, சுற்றிலும் குமிழித்தாள், பிறகு பெட்டி. காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. இதைப் பதினொரு விதிகளாக எழுதிக் குழுவில் போட்டவன் நான்தான். நான் பார்சல் கட்டுவதைப் பார்த்துவிட்டு என் அக்கா ஒருமுறை, "எனக்குக் கல்யாணமாகிப் போனப்பகூட என்னை இவ்வளவு பத்திரமா அனுப்பலையேடா" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். மச்சான் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

குழுவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊர்தான், ஆனால் ஊரின் மறுகோடி. அவர் கார்டை வெறுமனே ஒரு கடித உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி அனுப்புவார். எனக்கு வந்த ஒன்றில் மூலை மடிந்திருந்தது. மூன்று வருடம் தேடிய கார்டு. மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் குரல் பதிவில் பதில் போட்டார்: "தம்பி, கார்டுதானே, கண்ணாடியா உடையறதுக்கு? ரெண்டு நாள் தலகாணிக்கு அடியில வைங்க, நிமிர்ந்துரும்." அதோடு விட்டாரா? இன்னொன்றும் போட்டார்: "தம்பி பார்சலைப் பிரிக்கறதுக்கு நான் கடைக்கு லீவு போட்டேன்பா. உள்ள போகப் போகப் பெட்டி. கடைசியில தம்பியே உள்ள உக்காந்திருப்பாரோன்னு பயந்துட்டேன்."

இருபத்தொன்பது பேர் சிரித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்ணினேன், அதனால் சொல்கிறேன்.

சோதனைகளை அதற்கு அடுத்த வாரம் தொடங்கினேன். குழுவில் உள்ளவர்களின் முகவரிகள் எனக்கு மனப்பாடம். அவர்களுடைய பார்சல் கிடங்குக்கு வந்தால் தனியே எடுத்து வைப்பேன். முதலில் முழங்காலில் வைத்து வளைப்பேன். பிறகு குலுக்கிக் கேட்பேன். பிறகு இரும்பு அலமாரியின் மேல்தட்டிலிருந்து, எட்டு அடி உயரம், கீழே விடுவேன். ஒழுங்காகக் கட்டிய பார்சலுக்கு இதனால் எதுவும் ஆகாது. ஒழுங்காகக் கட்டாததற்கு ஆகும். நான் எதையும் கெடுக்கவில்லை. கெடக் காத்திருந்ததைக் கொஞ்சம் முன்னதாகக் கண்டுபிடித்தேன்.

பதினான்கு மாதங்களில் நூற்றுப் பன்னிரண்டு பார்சல்கள். அறுபத்தொன்று தேறவில்லை. ஒருவர், செத்துப்போன தன் அப்பா சிறுவயதில் சேர்த்த கார்டு இரண்டாக மடிந்து போய்ச் சேர்ந்ததென்று குரல் பதிவில் அழுதார். அடுத்த பார்சலில் பக்கத்துக்கு இரண்டு அட்டை வைத்தார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். குழுவின் தரம் கண்ணுக்குத் தெரிந்து உயர்ந்தது. என் பதினொரு விதிகளை ஆளாளுக்கு எடுத்துப் படித்தார்கள்.

கண்ணாடிக்காரர் மட்டும் படிக்கவில்லை. அவருடைய உறைகளை நான் கடிதம் மாதிரி மடித்தே அனுப்பினேன். கிடைத்தவர்கள் அவரிடம் புகார் சொன்னால், "அட, கார்டுக்கும் வயசாகும்ல" என்பார். அதற்கும் சிரிப்பார்கள்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அவர் பெயருக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் வெளியூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவரும் குழுவில் இருக்கிறார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், "உள்ளே கார்டு, வளைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. சோதித்தேன். மாலை வண்டியில் ஏற்றினேன்.

வியாழக்கிழமை கண்ணாடிக்காரர் கிடங்குக்கு வந்தார். அவரை நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. குள்ளமான ஆள். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர், தன் கண்ணாடியின் ஒரு காலை டேப்பால் சுற்றியிருந்தார். கையில் அந்தப் பெட்டி. அது ஆஸ்பத்திரி மாதிரி வாசனை அடித்தது.

"ஆறு பாட்டிலும் நொறுங்கிப்போச்சுண்ணே, ஒண்ணுகூட மிஞ்சல" என்று எங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னார். "எம்பொண்ணுக்குப் போடற ஊசி மருந்து. இங்க எந்தக் கடையிலயும் ஸ்டாக் இல்ல."

"மருந்துன்னு எழுதலையே. கார்டுன்னுல்ல இருக்கு?"

"மருந்துன்னு எழுதினா காகிதம் கேட்டு ரெண்டு நாள் நிறுத்தி வெப்பீங்கன்னு அவர்தான் அப்படி எழுதினாரு. நாங்க கார்டு சேக்கறவங்க. கார்டுப் பெட்டி மாதிரி பத்திரம் எதுவும் இல்லன்னு சொன்னாரு. எங்க உடைஞ்சுது, அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "பார்சல் விஷயத்துல இவன் புலிங்க. டேய், என்னன்னு பாத்துச் சொல்லு."

நான் பெட்டியை வாங்கி நான்கு பக்கமும் பார்த்தேன். "பேக்கிங் சரியில்லைங்க" என்றேன்.

"அப்படியா தம்பி?" என்றார் கண்ணாடிக்காரர். எந்தத் தம்பி என்று அவருக்குத் தெரியாது.

மருந்துக்கடைக்காரர் எங்கெங்கோ அலைந்து மறுபடியும் மருந்து சேகரித்து, இந்த முறை தானே பேருந்தில் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு வியாழனிலிருந்து நான்கு நாள் ஆனது. கண்ணாடிக்காரரின் பெண் மூன்று நாள்தான் இருந்தாள். பதினொரு வயதாம். படத்தைக் குழுவில் போட்டார்கள். நானும் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அதன் பிறகுதான் குழுவின் பேச்சு ஒரு தினுசாகப் போயிற்று. "ஆறு பாட்டிலைப் பெட்டியில வெக்கத் தெரியாதவனுக்கு மருந்துக்கடை ஒரு கேடா?" என்று ஒருவர் கேட்டார். கண்ணாடிக்காரர் குரல் பதிவில், "எம்பொண்ணை நீதான்யா கொன்ன, போ" என்றார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டார். நேற்று முதல் உங்கள் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அஜாக்கிரதையாகக் கட்டியது தன் தவறு என்று எழுதிக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானே வந்தேன். அது உண்மையல்ல.

அந்தப் பெட்டியை நீங்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பாட்டிலையும் பஞ்சில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறையாக அட்டையை வெட்டிச் சொருகியிருந்தார். என் பதினொரு விதிகளும் அதில் இருந்தன. மூலைகளில் முக்கோணமாக அட்டை வைத்திருந்தார். அது எனக்கே தோன்றாத பன்னிரண்டாவது.

முழங்காலில் வைத்து வளைத்தேன். வளையவில்லை. குலுக்கினேன். சத்தம் இல்லை. மேல்தட்டிலிருந்து விட்டேன். மறுபடியும் விட்டேன். ஒரு மூலைகூட நசுங்கவில்லை. பதினான்கு மாதத்தில் கண்ணாடிக்காரர் பெயர் எழுதிய பார்சல் ஒன்று மூன்றிலும் தேறியது அன்றைக்குத்தான். தரையில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது, அவர் பெயரை எனக்குக் காட்டிக்கொண்டு.

ஒரு காலை வைத்தேன். பிறகு ஏறி நின்றேன். பிறகு குதித்தேன். மூன்றாவது குதியில் உள்ளே சத்தம் கேட்டது. கார்டுக்கு அந்தச் சத்தம் வராது. அந்த வாசனையும் வராது. எனக்கு அப்போதே தெரியும். அனுப்பியவர், பெறுபவர் இருவருடைய தொலைபேசி எண்ணும் பெட்டியின் மேலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான்கு நாள் என்றால் சனிக்கிழமை. அவள் ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தாள். பிளந்த பக்கத்தில் புது டேப் ஒட்டி, ஈரத்தைத் துடைத்து, மற்ற பார்சல்களோடு வைத்தேன்.

ஆகவே மருந்துக்கடைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் கட்டியதில் ஒரு குறையும் கிடையாது. அதை என் வாயால் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இத்தனை மாதத்தில் பார்சலைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.