சட்டைப்பையில் ஒரு பூனைக்காலிக் காய்

இல்ல சம்பந்தியம்மா, தோல் வியாதியெல்லாம் கிடையாது. சரி சரி, அப்படிக் கூப்பிடல. அக்கான்னு கூப்பிடறேன், போதுமா? நேத்து பொண்ணு பாக்க உங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து கிளம்பற வரைக்கும் என் சின்னவன் நெஞ்சைச் சொறிஞ்சான்தான். நான் இல்லைன்னா சொல்றேன்? அதுக்காக இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு ஆள் விட்டுச் சொல்லிட்டீங்களே, மனசு கேக்காமத்தான் ஓடி வந்தேன். காப்பியெல்லாம் வேண்டாங்கக்கா, நீங்க உக்காருங்க.

எல்லாம் பூனைக்காலி பண்ணின வேலை. அது ஒரு கொடி. அவன் வேலை பாக்கற செடிப் பண்ணையில வேலி பூரா அதுதான். அவரைக்குச் சொந்தந்தான், ஆனா குணம் வேற. மூணு மூணா இலை, கொத்துக் கொத்தா ஊதாப் பூ, பாத்தாக் கையெடுத்துக் கும்பிடத் தோணும். காய்ச்சுதோ போச்சு. காய் மேல பூரா வெல்வெட்டு மாதிரி சுணை, தொட்டவன் தொலைஞ்சான். அதுல நூறு வகை இருக்காம். ஒரு வகை மரத்து உச்சிக்கே ஏறி, அங்கேருந்து கயித்துல கட்டி விட்ட மாதிரி பூவைத் தொங்க விடுமாம். வௌவால் வந்து தேன் குடிக்குமாம். தட்டுல சோறு ஆறிப்போகும், இவன் வௌவால் கதையை முடிக்க மாட்டான். பூவை இவ்வளவு அழகாப் படைச்சுட்டு, காய்க்கு எதுக்குப்பா இப்படி ஒரு கம்பளின்னு நான் பிரார்த்தனையிலயே கேட்டுட்டேன். இன்னும் பதில் வரல.

நேத்து என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்னு முத்தின காய் ஒண்ணைப் புதுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வந்திருக்கான். காகிதத்துல சுத்தித்தான் வெச்சானாம். காகிதம் கிழிஞ்சிருக்கு. சிரிக்காதீங்கக்கா. சரி, சிரிச்சுக்குங்க.

தொத்துமான்னு நீங்க கேக்கறது நியாயந்தான். வியாதியா இருந்தாத்தானே தொத்தும்? சுணை குத்தின இடம் மட்டுந்தான் அரிக்கும். பக்கத்துலயே உக்காந்து வந்த எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க. எதிர்ல இருந்த உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணுமில்ல. அந்தப் பையில நேரா போய்ச் சாஞ்சாத்தான் உண்டு.

அதனால கோவத்தை விடுங்க. வீட்டுல ஒட்டு டேப் இருந்தா எடுங்க, ஒட்டி ஒட்டி எடுத்தாச் சுணை வந்துடும். தேய்க்க மட்டும் கூடாது. நேத்து மாடித் தோட்டத்தைக் காட்டறேன்னு அவனைக் கூட்டிட்டுப் போச்சே உங்க பொண்ணு, டேப்பு அவளுக்குத்தான். பாவம், நான் வந்ததுலேருந்து அந்தக் கதவோரமா நின்னு ஒரு பக்கத்துக் கன்னத்தை மட்டும் சொறிஞ்சுக்கிட்டு இருக்கு.